கரடு ஏறிய சக்கரம்

செவலைக் காளை தம்பிதுரையின் சைக்கிளை மிதித்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. முன்னங்கால் இரண்டையும் முன் சக்கரத்துக்கும், பின்னங்கால் இரண்டையும் பின் சக்கரத்துக்கும் பங்கு வைத்து, அதன் மேலேயே ஏறி நின்று, கேரியரில் இருந்த புண்ணாக்கு மூட்டையில் பாதியை நிதானமாகத் தின்று முடித்த பிறகுதான் அது இறங்கியது. தம்பிதுரை கம்மஞ்சோறு கரைத்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலைக்குக் காத்திருக்கும் சம்பந்தி மாதிரி அவரைப் பார்த்தது.

"ஏ புள்ள! உன்ற காளை பண்ணியிருக்கற வேலைய வந்து பாரு!"

மனைவி செல்லாத்தாள் வந்து பார்த்தாள். சைக்கிளைப் பார்க்கவில்லை, காளையின் கால்களைத்தான் குனிந்து பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் இருந்து கன்றாக வந்த காளை அது.

"கம்பி கிம்பி குத்தியிருந்தா என்னங்க ஆவறது?"

"அடிபட்டது சைக்கிளுக்குப் புள்ள."

"கட்டுத்தரையில சைக்கிளக் கொண்டாந்து நிறுத்துனது ஆருங்க? புண்ணாக்க அது மூஞ்சிக்கு நேரா வெச்சுப்போட்டு, திங்காதேன்னா அதுக்கென்ன தெரியும்? வாயில்லாச் சீவனுங்க."

"அதுக்கா வாயில்ல? அர மூட்டையக் காணம்!"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை. மாமியார் வீட்டுக் காளையை மாமியாரைப் போலவே நடத்த வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம்.

ஊஞ்சக்காட்டுப்புதூரில் தம்பிதுரை பால் லைன் எடுப்பவர். விடிவதற்குள் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பாலை வாங்கி, பெரிய கேன்கள் இரண்டைக் கேரியரில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, சொசைட்டியில் கொண்டுபோய் ஊற்றுவார். அதற்கென்றே இருந்த சைக்கிள் அது. இருபத்தெட்டு இஞ்சு உயரம், மேலே இரட்டைப் பைப்பு, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் எடை. இந்தக் காலத்துச் சைக்கிளில் அந்தக் கேன்களை மாட்டினால் முன்பக்கம் குதிரை மாதிரி எழுந்து நிற்கும். அதனால் இரவல் வாங்கவும் வழியில்லை.

ஊர் மெக்கானிக் இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிட்டுப் பார்த்தார். "கோட்டம் எடுக்கலாமுன்னு பாத்தா, இதுல கோட்டமில்லாத எடமே இல்லீங்களே. புது ரிம்முதான் போடோணும். நடுவுல இருக்கற ஹப்பு நல்லாருக்குது, அத வெச்சுக்கலாம். ஆனா முன்னுக்கு முப்பத்திரண்டு ஓட்டை, பின்னுக்கு நாப்பது ஓட்டை ரிம்மு வேணுமுங்க. பாரம் பின்னாலதான, அதுக்குக் கம்பி எச்சு. இந்த இருபத்தெட்டு சைசு இப்ப ஆருங்க விக்கறாங்க? வேலங்கரட்டு அடிவாரத்துல பீர் முகம்மது பாய் கடையில கெடந்தாத்தான் உண்டு."

இதற்குள் கண்ணையா வந்து சேர்ந்தான். தம்பிதுரைக்குத் தூரத்து உறவு, வாலிபப் பையன், போன தையில்தான் புது மொபெட் வாங்கியிருந்தான்.

"ஏனுங்க மாமா, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? சைக்கிள் ஆகற வரைக்கும் நானே ஊத்தீர்றனுங்க. உங்க லைன என்ற சொந்த லைன் மாதிரி பாத்துக்கறனுங்க."

அந்த 'சொந்த லைன்'தான் தம்பிதுரைக்கு உறுத்தியது. கொங்கு நாட்டில் ஒருத்தர் பிழைப்பை ஒருத்தர் பிடுங்கினாலும் 'ங்க' போட்டுத்தான் பிடுங்குவார்கள். பிடுங்கக் கொடுத்தவரும் "சரிங்க, உக்காருங்க, மோர் சாப்புடறீங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். அவரும் கேட்டார். அவன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாளே தோட்டத்துப் பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "கண்ணையா ஆரன் அடிக்கறாப்புலீங்க. சத்தம் கேட்டதும் பாலக் கொண்டாந்தர்றோம். நீங்க வந்து வேலிகிட்ட நிக்கறது எங்களுக்குத் தெரியறதே இல்லீங்களே!" என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்கள்.

சொசைட்டி செக்ரட்டரி இன்னும் பிரியமாகச் சொன்னார். "வர்ற திங்கக்கெழம ஒண்ணாந்தேதிங்க. அன்னைக்குக் காலைல எவுரு பாலக் கொண்டாந்து ஊத்தறாங்களோ, அவுரு பேர்லதான் லைன எழுதோணும். அப்பறம் அடுத்த வருசந்தானுங்க மாத்த முடியும். எம்மேல ஒண்ணும் வருத்தம் வெச்சுக்காதீங்க."

எனவே வெள்ளிக்கிழமை தம்பிதுரை டயரையெல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் சக்கரங்கள் இரண்டையும் பஸ் மேலே போட்டுக்கொண்டு வேலங்கரட்டுக்குக் கிளம்பினார். வெள்ளகோவிலுக்கு வடக்கே ஒற்றையாக நிற்கிற கரடு அது, சின்னப் பாறைக் குன்று. உச்சியில் முருகன், அடிவாரத்தில் பஸ் நிறுத்தம், நாலைந்து கடைகள்.

போனால் பாய் கடை சாத்தியிருக்கிறது. ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார், இரண்டு மணிக்கு வருவார் என்றார்கள். ஆனால் கடைத் தாழ்வாரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, உயரத்தில் மூன்று இருபத்தெட்டு இஞ்சு ரிம்கள் தொங்கின. வெயிலில் அவை மினுங்குவதைப் பார்த்ததும் தம்பிதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணாந்து, விரல் நீட்டி ஓட்டைகளை எண்ணினார். இரண்டில் நாற்பது, ஒன்றில் முப்பத்திரண்டு. முருகா, எனக்கென்றே தொங்கவிட்டிருக்கிறாயா!

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. மேலே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உச்சிப் பூசைக்குக் கொடுக்கிற பொங்கலையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் சக்கரங்களை எங்கே வைப்பது? கடை வாசலில் சாத்தி வைக்கலாம் என்றால், எதிர்த்தாற்போல் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' வண்டிக்காரன் நிழலில் உட்கார்ந்துகொண்டு, அவர் பஸ்ஸை விட்டு இறங்கினதில் இருந்து சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தராசைக்கூட ஒரு தடவை துடைத்தான்.

'அந்தப் பருப்பு எங்கிட்ட வேகாது' என்று தம்பிதுரை மனசுக்குள் சொல்லிக்கொண்டார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். பின் சக்கரத்தை அதன் மேல் படுக்கவைத்து ஒரு கையால் அச்சைப் பிடித்துக்கொண்டார். முன் சக்கரத்தைத் தோளில் மாட்டினார். ஏற ஆரம்பித்தார்.

இங்கே வேலங்கரட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முருகன் எப்போதாவது யாராவது பக்தர் கனவில் வந்து, 'இன்ன பொருளைக் கொண்டுவந்து என் முன்னால் வை' என்று உத்தரவு கொடுப்பார். அந்த ஆள் அதை எடுத்துக்கொண்டு கரடு ஏற வேண்டும். பூசாரி சாமியிடம் பூப் போட்டுக் கேட்டு, சரியென்று வந்தால் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். பெட்டிக்குள் எது போகிறதோ அதற்கு நாட்டில் ஏதோ ஒன்று நடக்கும் என்பது நம்பிக்கை. ஒரு தடவை செம்பில் தண்ணீர் வைத்தார்கள். அந்த வருசம் மழை கொட்டியது. இன்னொரு தடவையும் தண்ணீர் வைத்தார்கள். அந்த வருசம் குடிக்கவே தண்ணீர் இல்லை. இரண்டு தடவையும் சாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். உத்தரவு கொண்டுவருகிற ஆளிடம் வழியில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பதும் வழக்கம். கேட்டால் வாக்குத் தப்பிப் போகும்.

தம்பிதுரைக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவர் தலையில் இருந்தது அவருடைய சைக்கிள் சக்கரம். அதற்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

முதல் படியிலேயே பூக்கடைச் சாமியாத்தாள் ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். பூ வாங்கச் சொல்லிப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்து, "இன்னைக்கு வேண்டாமுங்க அம்மணி" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் அவர் காலில் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெயில் காலத்தில் இப்படி ஒரு தர்மம் செய்கிறார்கள் போலிருக்கிறது, நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனி மாசத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாதிக் கரடு ஏறினதும் பாலக்காட்டுப் பக்கமிருந்து அது விசுவிசுவென்று வந்து, தலையில் இருந்த சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. காளை மிதித்த சக்கரம் அல்லவா, சும்மா சுற்றவில்லை. மேலும் கீழுமாக அலை மாதிரி ஏறி இறங்கிச் சுற்றியது. இறங்கி வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. யாரோ குடை பிடித்தார்கள். யாரோ இளநீரைச் சீவி வாயருகே நீட்டினார்கள். தம்பிதுரை, "எதுக்குங்க சிரமம், இருக்கட்டுங்க" என்று முறைக்குச் சொல்லிவிட்டுக் குடித்தார்.

பின்னால் இரண்டு பெரியவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சக்கரம் பெருமாளு கையில இருக்கறதுங்களே. முருகன் எதுக்குங்க கேக்கறாரு?"

"மாமன் ஊட்டுச் சாமானுங்க. மருமவனுக்கு உரிமை இல்லீங்களா?"

'நல்ல கேள்வி, நல்ல பதில்' என்று தம்பிதுரை ரசித்துக்கொண்டே நடந்தார். தன் தலையில் இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இளநீர் குடித்தும் உறைக்கவில்லை.

உறைத்தது மேலே போன பிறகுதான். வரிசையே இல்லாமல் அவரை நேராகச் சன்னதிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மணி அடிப்பது நின்றுபோயிற்று. பூசாரி தட்டில் இரண்டு பூப் பொட்டலங்களோடு தயாராக நின்றார். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே தையில் வைத்த ஒரு படி கொள்ளு. அதைத் தள்ளி வைத்து இடம்கூடச் செய்துவிட்டார்கள்.

"எந்த ஊருங்க? கனவு என்னைக்குங்க வந்துச்சு?" என்றார் பூசாரி.

தம்பிதுரை பெட்டியைப் பார்த்தார். பூப் பொட்டலங்களைப் பார்த்தார். திரும்பி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். குடித்த இளநீர் அத்தனையும் வேர்வையாக வெளியே வந்தது.

"ஐயோ சாமி! கனவுமில்ல கினவுமில்லீங்க. இது என்ற சைக்கிள் சக்கரமுங்க. காளை மிதிச்சுப்போட்டுதுங்க. பாய் கடை சாத்தியிருந்துச்சு, கீழ வெச்சுட்டு வரலாமுன்னா அந்தப் பேரீச்சம்பழக்காரன்..."

பூசாரி அருகில் வந்து, காதோடு ரொம்பக் கனிவாகச் சொன்னார்: "வெளிய சொல்ல வேண்டாமுன்னு உத்தரவுங்களா? சரிங்க. அப்ப எனக்கும் சொல்ல வேண்டாம். எப்பச் சொல்லோணுமுன்னு வருதோ, அப்ப வாங்க."

சொல்லிவிட்டு, முருகன் கழுத்தில் இருந்த மாலையை எடுத்து அந்தக் கோணல் சக்கரத்துக்குப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் தம்பிதுரை என்ன சொல்லி என்ன? பொங்கல் வாங்கக்கூட நிற்காமல், மாலை போட்ட சக்கரத்தோடு இறங்கி ஓடினார்.

அவர் காலைவிடச் செய்திக்குக் கால் அதிகம். அது அவருக்கு முன்னாலேயே இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து, அர்த்தமும் சொல்லி முடித்திருந்தது. சைக்கிள் சக்கரம் வருகிறதென்றால் மோட்டார் நிற்கப் போகிறது என்று அர்த்தம். குவைத்துச் சண்டைக்கே பெட்ரோல் என்ன பாடுபட்டது! இனிமேல் சொட்டுக்கூடக் கிடைக்காது. எஸ்.டி.டி. பூத்தில் ஒருவர் கருமத்தம்பட்டியில் இருந்த தம்பிக்குப் போன் போட்டு, "சைக்கிள் ரிம்மு எந்த சைசு கெடைச்சாலும் வாங்கிப் போடு, காரணத்த நேர்ல சொல்றேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். போன வருசம் பிள்ளையார் பால் குடித்தார் என்று ஒரே காலையில் ஊர் ஊராகச் சேதி பறந்ததே, அதற்குக் கொஞ்சமும் குறையவில்லை.

பாய் கடை திறந்திருந்தது. தாழ்வாரத்தில் சங்கிலி மட்டும் தொங்கியது. பீர் முகம்மது பாய் காலியான கடை நடுவில், திருவிழா முடிந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாய், அந்த இருபத்தெட்டு ரிம்மு..."

"வாங்க கவுண்டரே. வாரத்துக்கு ஒரு டியூப் விக்கற கடைங்க இது. தொழுதுட்டு வந்து கதவத் தொறக்கறேன், கூட்டம் உள்ள பாயுது. ரிம்மு போச்சு, டயரு போச்சு, பெல்லுகூடப் போச்சு. ஒருத்தரு காத்தடிக்கற பம்பக் கேட்டாரு. அது கடைப் பம்புங்க, விக்கறதில்லைன்னு புடுங்கி வெச்சேன்."

"இருபத்தெட்டு ஆருங்க வாங்குனது?"

"ஒரு பையன். வெள்ளிக்கெழமையானா மொபெட்டுக்குப் பூ வாங்க வருவானே, உங்கூருப் பையந்தான். முன்னுக்கு வேற, பின்னுக்கு வேறன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'ஓட்டை கொறைஞ்சத எந்தலைல கட்டப் பாக்கறீங்களா பாய்'னு கேட்டுட்டு, நாப்பது ஓட்டைலயே ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டான். மிச்சமிருந்த ஒண்ண, பூக்கடையம்மா சாமி ரூம்ல மாட்டறதுக்கு வாங்கிட்டாங்க."

தம்பிதுரை சாமியாத்தாளிடம் போய்க் கேட்டார். "ஏனுங்க, நீங்களே கேக்கலாமுங்களா? சாமி சக்கரத்தத் திருப்பிக் குடுத்தா என்ற குடும்பம் வெளங்குமுங்களா?" என்று அவள் திரும்பவும் செம்பைத் தூக்கிக்கொண்டு அவர் காலைப் பார்க்க ஆரம்பித்தாள். வந்துவிட்டார்.

பாய் குரலைத் தாழ்த்தினார். "நம்மகிட்ட மட்டும் சொல்லலாமுங்க, கவுண்டரே. நான் வேற மதம், எங்கிட்டச் சொன்னாத் தப்பில்ல. பெட்ரோல் எப்ப நிக்குது?"

"பாய், காளை மிதிச்ச சக்கரம் பாய் அது!"

"சரிங்க, சரிங்க. சொல்ல வேண்டாம்."

தம்பிதுரை மாலையும் கழுத்துமாக இருந்த சக்கரத்தோடு பஸ் ஏறினார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடவில்லை. மாறாகத் தன் சீட்டைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் செல்லாத்தாள் சிரித்த சிரிப்பில் காளையே திரும்பிப் பார்த்தது. ஆனால் தம்பிதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை நெருங்குகிறது. தான் ஏறின கரடே தன் லைனை விழுங்கிவிட்டது. கண்ணையா வீட்டில் ரிம் கிடக்கிறது. யாரைப் பார்த்துப் பயந்து வாங்கினானோ, அவருக்கே அது வேண்டும். போய்க் கேட்டால் கொடுப்பானா?

போக வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைப் பொழுதோடு கண்ணையாவே வந்தான். தோளில் இரண்டு ரிம். மொபெட்டில் வரவில்லை, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னாச்சுங்க மாப்ள, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க மாமா. பெட்ரோல மிச்சம் புடிக்கறனுங்க. ஊட்டுல ரெண்டு கேன் வாங்கி வெச்சிருக்கறனுங்க. நாத்தம் தாங்காம எங்கம்மா தோட்டத்துச் சாளையில போய்ப் படுத்துக்கறாங்க." ரிம்களைக் கயிற்றுக் கட்டிலில் சாத்திவிட்டுக் கிட்டே வந்தான். "இன்னும் எத்தன நாளைக்குங்க கெடைக்கும்?"

"மாப்ள, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. கனவெல்லாம் வரலீங்க. படுத்தா நானு கட்ட மாதிரித் தூங்கறவன். உங்கக்காவக் கேளுங்க."

"ஆமாங் கண்ணு," என்றாள் செல்லாத்தாள் கட்டுத்தரையில் இருந்தபடியே. "அந்தக் கொறட்டைக்குள்ள பூந்து சாமி பேசறதுன்னா சாமிக்கே தொண்டை கட்டிப்போகும்."

கண்ணையா புன்னகை செய்தான். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். "சொல்லக் கூடாதாட்ட இருக்குது, நானு கேக்கலீங்க. ரிம்ம வாங்கிப்போட்டேன், மாட்டறதுக்குச் சைக்கிளு எங்கியும் கெடைக்கலீங்க. இருக்கறவங்க எல்லாரும் ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டாங்க. சக்கரமில்லாத உங்க சைக்கிள் கூட்ட எனக்குக் குடுத்துருங்க மாமா. பதிலுக்கு என்ற மொபெட்ட நீங்க எடுத்துக்குங்க."

தம்பிதுரை மொபெட்டைப் பார்த்தார். புதுசு. கண்ணாடியில் நேற்று வைத்த பூ இன்னும் வாடவில்லை. சீட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தார், மெத்தென்று இருந்தது. ஒரு தலையாட்டல் போதும், லைனும் அவருக்கு, மொபெட்டும் அவருக்கு. தலை ஆடப் பார்த்தது. ஆனால் அந்தத் தலையில்தானே சக்கரம் சுற்றியது, அதற்குத்தானே சாமி மாலை விழுந்தது.

"வேண்டாமுங்க மாப்ள," என்றார். "அங்க பூசாரிகிட்டச் சொன்னேன், பாய்கிட்டச் சொன்னேன், உங்ககிட்டயும் சொல்லிப்போட்டேன். அது வெறும் ஓட்டைச் சக்கரம். சாமி பேரச் சொல்லி உங்க மொபெட்ட வாங்கிப்போட்டு, நாளைக்கு நானு அந்தக் கரட்டப் பாத்துக் கையெடுக்க முடியுமுங்களா?"

கண்ணையாவின் முகம் வெளுத்துப் போயிற்று.

"பாருங்க, சும்மா குடுக்கறன்னாலும் மொபெட்டே வேண்டாங்கறீங்க. அப்ப நெசமாவே நிக்கப்போகுதுங்களா!"

தம்பிதுரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செல்லாத்தாள் சாணிக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க கண்ணையா, இவுரு சொல்றத நீங்க நம்ப மாட்டேங்கறீங்க. நீங்க சொல்றத நாங்க நம்பல. ஆரு சொல்றது சரின்னு பெட்ரோலே சொல்லட்டும். ரிம்மு உங்களுது, சைக்கிள் கூடு எங்களுது. தனித்தனியா வெச்சுட்டு ரெண்டு பேரும் நடக்கறதுக்கா? ரிம்ம மாட்டுங்க. பெட்ரோல் நிக்கற அன்னைக்கு வந்து சைக்கிள ஓட்டீட்டுப் போயிருங்க, நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம். அது வரைக்கும் இவுரு ஓட்டட்டும். சும்மா நின்னாத் துருப்புடிக்குமுங்கல்ல?"

கண்ணையா யோசித்தான். அதில் ஏதாவது நட்டம் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப லைனுங்க்கா?"

"லைனுக்குப் போனீங்கன்னா பெட்ரோல் எரியுமே, கண்ணு," என்றாள் செல்லாத்தாள் ரொம்பக் கவலையாக.

"ஆமாங்க்கா! காலைல தோட்டந்தோட்டமா நின்னு ஆரன் அடிக்கறப்ப வயிறே எரியுதுங்க. அது பாட்டுக்குக் குடிக்குது. வேண்டாமுங்க, திங்கக்கெழமையில இருந்து மாமாவே ஊத்தட்டும். நானு பெட்ரோல் கேன மூடி வெச்சுக்கறேன்." திரும்பித் தம்பிதுரையைப் பார்த்துக் கைகூப்பினான். "சைக்கிளப் பத்தரமாப் பாத்துக்குங்க மாமா. சொந்தச் சைக்கிள் மாதிரி."

"சரிங்க மாப்ள," என்றார் தம்பிதுரை. "மோர் சாப்புடறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை பாய் கடையில் சக்கரம் கட்டினார்கள். பின் சக்கரத்தில் தொந்தரவில்லை. முன் சக்கரத்தில்தான் வம்பு. ஹப்பில் முப்பத்திரண்டு, ரிம்மில் நாற்பது. வேறு ஹப் ஒன்றுகூடக் கடையில் மிச்சமில்லை. பாய் முணுமுணுத்துக்கொண்டே, ஐந்து ஓட்டைக்கு ஒன்றைக் காலியாக விட்டு விட்டுக் கம்பியைக் கோத்தார். "இத வித்தவன் நானு, இதுக்கு வேதனப்படறவனும் நானு. கொஞ்சம் ஆடுங்க, கவுண்டரே. ஆனா ஓடும். சாமி சக்கரந்தானே!"

"பாய்!"

"சரிங்க, சொல்லல."

திங்கட்கிழமை விடியற்காலையில் தம்பிதுரை கேன்களை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ராத்திரி சைக்கிளை நிறுத்தியிருந்தது வேலிக்கு வெளியே. காளை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் திரும்பி, எதிர்காற்றில் நாலு மிதி மிதித்ததும், எங்கிருந்தோ விசில் கேட்டது. நிறுத்தினார். விசிலும் நின்றது. மிதித்தார். 'ஊ...' என்று நீளமாக, பஞ்சாலைச் சங்குக்குத் தங்கச்சி மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: காலியாக விட்ட ஓட்டைகளில் ஆனிக் காற்று புகுந்து ஊதிக்கொண்டிருந்தது.

முதல் தோட்டத்துக்கு அவர் போய்ச் சேரும்போது அந்த வீட்டுப் பெண் பால் சொம்போடு வேலியோரம் நின்றாள். அடுத்த தோட்டத்திலும் அப்படியே. "சத்தம் சாளைக்குள்ள வரைக்கும் கேக்குதுங்க! கண்ணையா ஆரனுக்கு நாயி கொலைச்சுத் தொலையும். இதுக்கு எருமை இன்னும் ஒரு சொம்பு எச்சாக் கறக்குதுங்க" என்றாள் ஒருத்தி. அது அவள் எருமைக்கே தெரியாத சேதியாக இருக்கலாம். ஆனால் கேட்க நன்றாக இருந்தது. சொசைட்டியில் எல்லாருக்கும் முன்னால் பால் ஊற்றியது தம்பிதுரைதான். செக்ரட்டரி பேனாவை உதறி அவர் பேரையே எழுதினார்.

வேலங்கரட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொள்ளுதான் இன்னும் இருந்தது. இரண்டு மாசத்தில் ஜனங்கள் வாங்கின ரிம்மில் அவரைக் கொடியும் பீர்க்கங் கொடியும் ஏறிவிட்டன. கண்ணையா மட்டும் விடவில்லை. தினமும் காலையில் ரோட்டோரப் பெட்ரோல் பங்க் வரைக்கும் நடந்து போய், ஆள் வந்திருக்கிறதா, குழாய் ஓடுகிறதா என்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவான்.

பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது தம்பிதுரையும் அதே பங்க் வாசலில் ஒரு காலை ஊன்றி நிற்பார்.

"ஏனுங் கண்ணு, பெட்ரோல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. உங்களுக்கு எதுக்குங்க அது? சைக்கிளுக்கு ஊத்தோணுமுங்களா?" என்பான் பங்கில் குழாய் பிடிக்கிறவன்.

"எனக்கு வேண்டாமுங்க. இருந்தாச் செரி."

கொஞ்ச தூரம் போனால் கரடு தெரியும் திருப்பம். அங்கே நின்று, தலைத் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, தினமும் ஒரே வேண்டுதலைத்தான் வேண்டுவார்: "முருகா, மோட்டார் வெச்சிருக்கறவங்களுக்கெல்லாம் ஒரு நாளும் பெட்ரோல் கொறையாமப் பாத்துக்கப்பா."

பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு மிதிப்பார். முன் சக்கரம் லேசாக ஆடிக்கொண்டு, விசிலடித்தபடியே வீட்டுக்குப் போகும்.